தைராய்டு கண்நோயும் கண் அழுத்த நோயும்: ஒரு வரலாற்றுப் பார்வை

தைராய்டு கண்நோய் என்பது, தைராய்டு சுரப்பியைத் தாக்கும் தன்னெதிர்ப்புக் கோளாறு கண்குழியில் உள்ள தசைகளையும் கொழுப்பையும் வீங்கச் செய்வதால் உண்டாகும் நோயாகும். மேலிமை உயர்ந்து, விழி முன்தள்ளி, அந்த மனிதர் எந்நேரமும் முறைத்துக்கொண்டிருப்பது போலத் தோன்றும். கண் அழுத்த நோய் (கிளாக்கோமா) இதற்கு நேர்மாறான குணம் உடையது. அது பெரும்பாலும் வலியோ சிவப்போ இல்லாமல், பார்வை நரம்பை ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல அரித்துக்கொண்டு வரும். முன்னது ஊரறிய வரும் நோய். பின்னது சொல்லாமல் வரும் நோய். இரண்டும் ஒரே கண்ணில் சேரும்போது முன்னது எல்லாருடைய கவனத்தையும் இழுத்துக்கொள்கிறது, பின்னது மறைந்துவிடுகிறது. சில வேளைகளில் இல்லாத கண் அழுத்த நோய் இருப்பதாகவும் கணக்கில் ஏறிவிடுகிறது. இந்த இரண்டு பிழைகளும் எப்படி நேர்கின்றன, மருத்துவம் அவற்றை எவ்வாறு கண்டுகொண்டது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

வேம்பார்க் கரையில்

வேம்பார், தூத்துக்குடி மாவட்டத்தின் வடகோடியில், விளாத்திகுளம் வட்டத்தில் மன்னார் வளைகுடாவை ஒட்டிய கடற்கரை ஊர். முத்துக்குளித்துறையின் ஏழு கடற்றுறைகளில் ஒன்று. முத்துப்பார்களில் மூழ்கி எழுந்தவர்களின் வழிவந்த மக்கள் இன்று மீன்பிடித் தொழிலில் இருக்கிறார்கள். தூத்துக்குடிக் கடலில் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோனது. கரையோரம் தெற்கே செல்லச் செல்ல உப்பளங்கள்.

கடலும் உப்பும் இவ்வளவு அருகில் இருக்க இங்கே தைராய்டு நோய் எப்படி வரும் என்று கேட்பவர்கள் உண்டு. வகுப்பில் மாணவர்கள் கேட்டிருக்கிறார்கள், ஆசிரியர்களும் கேட்டிருக்கிறார்கள். இதில் இரண்டு குழப்பங்கள் கலந்துள்ளன. முதலாவது, கடல்நீரைக் காய்ச்சி எடுக்கும் சாதாரண உப்பில் அயோடின் இயற்கையாகவே நிறைய இருக்கும் என்ற எண்ணம். உண்மையில் அதில் மிகச் சொற்பமே உண்டு. அயோடின் இருப்பது மீனில்தான். அதனால்தான் உப்பில் அயோடினைத் தனியே சேர்க்க வேண்டியிருக்கிறது. இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் மருத்துவர் வே. இராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் 1956-இல் தொடங்கிய ஆய்வு, அயோடின் சேர்த்த உப்பு கழுத்துக் கழலையைக் குறைக்கும் என்பதை நிறுவியது. 1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது.

இரண்டாவது குழப்பம் இதைவிடப் பெரியது. அயோடின் குறைவால் வரும் கழலை வேறு; கண்ணைப் பிதுங்கச் செய்யும் கிரேவ்ஸ் நோய் வேறு. கிரேவ்ஸ் நோயில் உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே தைராய்டைத் தூண்டிவிட்டு, அளவுக்கு மீறிச் சுரக்க வைக்கிறது. மீன் உண்பவருக்கும் அது வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வரும். ஆனால் ஆண்களுக்கு வந்தால் கண் பாதிப்பு கடுமையாக இருப்பது வழக்கம். பீடி, சிகரெட் புகைப்பவருக்கு அது பல மடங்கு மோசமாகும்.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியவர் இந்தக் கரையில் என்னுடன் பணியாற்றிய ஓர் ஆசிரியை. நாற்பது வயதைக் கடந்தபோது எடை குறைந்து, கை நடுங்கி, நெஞ்சு படபடத்து, பிறகு கண்கள் பிதுங்கின. சந்தையில் மீன் விற்கும் அம்மா ஒருவர், “என்ன டீச்சர், இப்படி முறைச்சுப் பாக்கிய?” என்று கேட்டதை அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். ஆனால் அன்று முதல் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் வெளியே வந்ததில்லை. அவருடைய கண்ணில் மேற்சொன்ன இரண்டு பிழைகளும் அடுத்தடுத்து நிகழ்ந்தன. அதைப் பின்னர் சொல்கிறேன். முதலில் இந்த நோய்களைக் கண்டவர்களின் கதை.

நோய்க்குப் பெயர் வந்த விதம்

கழுத்து வீக்கமும் விழிப்பிதுக்கமும் சேர்ந்து வருவதைப் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே பாரசீக மருத்துவர் இசுமாயில் அல் சுர்சானி குறித்து வைத்திருக்கிறார். ஐரோப்பாவில் இங்கிலாந்தின் பாத் நகர மருத்துவர் காலெப் பாரி 1786 முதல் இத்தகைய நோயாளிகளைக் கவனித்து வந்தார். அவர் இறந்த பிறகு 1825-இல்தான் அந்தக் குறிப்புகள் அச்சேறின. 1835-இல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் ராபர்ட் கிரேவ்ஸ் எழுதினார். உறங்கும்போதும் இமைகள் மூட முடியாத அளவுக்கு விழி பெருத்த ஒரு பெண்ணை அவர் அதில் விவரித்தார். 1840-இல் ஜெர்மனியின் மெர்செபர்க் ஊரில் கார்ல் வான் பாசெடோ கழலை, விழிப்பிதுக்கம், நெஞ்சுப் படபடப்பு மூன்றையும் ஒரே நோயின் அடையாளங்களாகச் சேர்த்துக் காட்டினார். இன்றும் ஆங்கிலம் பேசும் நாடுகளில் இது கிரேவ்ஸ் நோய். ஜெர்மனியில் பாசெடோ நோய். முதலில் கண்ட பாரியின் பெயர் எங்கும் நிலைக்கவில்லை.

இவர்கள் எல்லாரும் பிதுங்கிய கண்ணை வெளியிலிருந்து பார்த்தவர்கள். கண்ணின் உள்ளே பார்க்கக் கருவி இல்லாத காலம் அது.

கிரேஃபேயின் இரண்டு கைகள்

1851-இல் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விழி உட்பார்வைக் கருவியை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். உயிருள்ள மனிதனின் பார்வை நரம்பின் முனையை முதன்முறையாகக் கண்ணால் காண முடிந்தது. அதை உடனே கையில் எடுத்தவர்களில் ஒருவர் பெர்லின் நகர மருத்துவர் ஆல்பிரெக்ட் வான் கிரேஃபே. கண் அழுத்த நோயில் அந்த நரம்பு முனை குழிந்து போயிருக்கும். ஆனால் முதலில் பார்த்தபோது கிரேஃபே அந்தக் குழியை மேடு என்றே நினைத்தார்; புதிய கருவி தந்த தோற்றப் பிழை. சில ஆண்டுகளுக்குள் அது திருத்தப்பட்டது. நிலவின் பள்ளங்களின் படத்தைத் தலைகீழாகப் பிடித்து மேடாகக் கண்ட அனுபவம் உள்ளவர்களுக்கு இது வியப்பாக இராது.

1857-இல் கிரேஃபே, விழித்திரைப்படலத்தைத் தொடாமல் கருவிழிப்படலத்தில் ஒரு துண்டை வெட்டியெடுத்துத் திடீர் கண் அழுத்த நோயைக் குணப்படுத்தும் அறுவை முறையை வெளியிட்டார். அதற்கு முன் அந்த நோய் வந்தால் பார்வை போயிற்று என்றுதான் பொருள். அதே கிரேஃபே 1864-இல், தைராய்டு நோயாளி கீழே பார்க்கும்போது மேலிமை விழியோடு சேர்ந்து இறங்காமல் பின்தங்குவதைச் சுட்டிக்காட்டினார். அது இன்றும் ‘கிரேஃபே அடையாளம்’ என்றே மருத்துவ மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது.

ஆக, இரண்டு நோய்களின் வரலாற்றிலும் இவருடைய பெயர் பதிந்துள்ளது. ஆனால் அவ்விரண்டும் ஒரே கண்ணில் சேரும் வாய்ப்பு பற்றிய தெளிவு அவர் காலத்தில் வரவில்லை. 1870-இல், 42 வயதில், காச நோயால் கிரேஃபே இறந்தார்.

சென்னையில் எலியட்

இங்கே சென்னையைப் பற்றிச் சொல்லாமல் கடக்க முடியாது. 1819-இல் தொடங்கிய சென்னை அரசு கண் மருத்துவமனை, உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. அதன் கண்காணிப்பாளராக 1904-இல் பொறுப்பேற்ற ராபர்ட் ஹென்றி எலியட், கண் அழுத்த நோய்க்கு ஒரு புதிய அறுவை முறையை 1909-இல் வெளியிட்டார். கருவிழியும் வெண்விழியும் சேரும் விளிம்பில், வெண்படலத்தின் மடிப்புக்கு அடியில், சிறிய வட்டத் துளை ஒன்றை இட்டு உள்நீர் வடிய வழி செய்வதே அம்முறை. எழும்பூரில் உருவான இந்த முறை உலகெங்கும் பரவிப் பல பத்தாண்டுகள் வழக்கில் இருந்தது. 1968-இல் கெய்ர்ன்சு விவரித்த வடிகால் அறுவை முறை பிறகு அதன் இடத்தைப் பிடித்தது.

எலியட் மந்திர வித்தைகளிலும் ஆர்வம் உள்ளவர். ஓய்வு பெற்று இங்கிலாந்து சென்றபின், இந்தியக் கயிற்று வித்தை வெறும் கட்டுக்கதை என்று வாதாடி எழுதினார். கண் பார்ப்பதெல்லாம் உண்மையல்ல என்பதில் அவருக்கு உறுதி இருந்திருக்க வேண்டும்.

இரண்டு நோய்களும் சந்தித்த இடம்

1897-இல் லண்டனின் கை மருத்துவமனை வெளியீட்டில் பிரெய்லி, அயர் என்ற இருவர், விழிப்பிதுக்கக் கழலை நோயாளிகளின் கண்ணில் அழுத்தம் கூடியிருப்பதைப் பதிவு செய்தனர். அக்காலத்தில் அழுத்தத்தை அளக்க மருத்துவரின் விரல்களே முதன்மையான கருவி. மூடிய இமையின்மேல் இரு விரல்களை வைத்து, மாம்பழத்தை அழுத்திப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். 1905-இல் நார்வே நாட்டின் யால்மர் ஷியோட்ஸ் தம் அழுத்தமானியைக் கொண்டுவந்த பிறகுதான் அழுத்தத்தை எண்ணாக எழுதும் வழக்கம் பரவியது. 1950-களில் ஹான்ஸ் கோல்ட்மான் உருவாக்கிய தட்டையாக்கும் அழுத்தமானி அதைவிடத் துல்லியமானது. இன்றளவும் அதுவே உரைகல். பொதுவாகப் பாதரசத்தில் 10 முதல் 21 மில்லிமீட்டர் வரை இயல்பான அளவு என்பார்கள்.

எண் வந்ததும் புதிய சிக்கல் ஒன்று தெரிந்தது. 1918-இல் கார்ல் வெசெலி என்ற ஜெர்மானிய மருத்துவர், தைராய்டு கண்நோய் உள்ளவர் மேலே பார்க்கும்போது அழுத்தம் ஏறுவதைக் கவனித்தார். என்னைப் பொறுத்தவரை இந்த வரலாற்றின் திருப்புமுனை இதுதான். ஏனெனில் அழுத்தம் என்பது அந்தக் கண்ணுக்கே உரிய நிலையான எண் அல்ல, கண் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் பொறுத்து மாறும் எண் என்பது அப்போது தெரிந்தது.

காரணம் எளிமையானது. தைராய்டு கண்நோயில் மிக அதிகமாகப் பாதிக்கப்படுவது விழியின் அடியில் உள்ள தசை. அது வீங்கிப் பிறகு தழும்பாகி, நீளாத கயிறுபோல் விறைத்துவிடுகிறது. நீர் நிரப்பிய பலூனின் அடியை ஒரு கயிற்றால் இழுத்துக் கட்டிவிட்டு, பலூனை மேல்நோக்கி உருட்டிப் பாருங்கள். கயிறு பலூனை அமுக்கும். அதேபோல்தான் விறைத்த தசை விழியை அமுக்குகிறது. நலமான கண்ணிலும் மேலே பார்த்தால் ஓரிரு மில்லிமீட்டர் ஏறும். இவர்களுக்கு அது பல மில்லிமீட்டர் ஏறலாம். தசை மிக இறுகியிருந்தால், நேராகப் பார்ப்பதே அவர்களுக்கு மேலே பார்ப்பதற்குச் சமம். அப்போது நேர்ப்பார்வையில் அளந்த எண்ணும் கூடுதலாகவே வரும். கண்ணைச் சற்றே தாழ்த்தி, தசை தளர்ந்த நிலையில் அளந்தால் எண் இறங்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. விழிக்குள் ஊறும் நீர், சல்லடை போன்ற திசு வழியே வடிந்து, விழியின் மேற்பரப்பில் உள்ள சிரைகளில் சேர்கிறது. கண்குழி வீங்கி நெரிந்தால் அந்தச் சிரைகளில் அழுத்தம் ஏறும். விழிநீர் வடிய முடியாமல் தேங்கும். கடல் ஏறும் நேரத்தில் கழிமுகத்தில் ஆற்றுநீர் எதிர்த்து நிற்பதை வேம்பாரில் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்த அழுத்தம் உண்மையானது. கண்ணைத் தாழ்த்தினாலும் போகாது. சல்லடைத் திசுவிலேயே சர்க்கரைப் பொருள்கள் படிந்து வடிகாலை அடைக்கலாம் என்ற கருத்தும் உண்டு.

நோயின் மூலத்தைத் தேடும் முயற்சியில் 1956-இல் நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் ஆடம்சும் பர்வசும், தைராய்டை நீண்ட நேரம் தூண்டும் ஒரு பொருளை நோயாளிகளின் குருதியில் கண்டனர். அது உடலே உருவாக்கிய எதிர்ப்பொருள் என்பது பிறகு உறுதியாயிற்று.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

தைராய்டு கண்நோய் உள்ளவர்களில் எத்தனை பேருக்கு அழுத்தம் கூடுகிறது? இதற்கு ஒரே விடை கிடைப்பதில்லை. 1997-இல் அமெரிக்காவில் 500 நோயாளிகளை வைத்து வெளியான ஆய்வு, ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அழுத்தம் கூடியிருந்ததாகச் சொன்னது. அடுத்த ஆண்டே நெதர்லாந்தில் 482 பேரை ஆராய்ந்தவர்கள் 5 விழுக்காட்டுக்கும் குறைவு என்றார்கள். யாரை நோயாளி என்று சேர்த்தார்கள், எந்தப் பார்வை நிலையில் அளந்தார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும். நான் கவனித்த செய்தி வேறு: அமெரிக்க ஆய்வில் அழுத்தம் கூடியவர்கள் கால் பங்கு என்றாலும், நரம்பு உண்மையில் பழுதடைந்து வந்தவர்கள் சுமார் 2 விழுக்காட்டினர் மட்டுமே. கண்குழி நோய் நீண்ட காலம் தீவிரமாக இருந்தவர்களுக்கே அந்த ஆபத்து கூடுதலாக இருந்தது.

2 விழுக்காடு சிறிய எண்தானே என்று விட முடியாததற்குக் காரணம் நம் பக்கத்தில் இருக்கிறது. மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் கிராமங்களில் 40 வயதைக் கடந்த 5150 பேரை அரவிந்த் கண் மருத்துவமனை ஆராய்ந்து, முடிவுகளை 2003-இல் வெளியிட்டது. 2.6 விழுக்காட்டினருக்குக் கண் அழுத்த நோய் இருந்தது. அதில் பொதுவான வகையால் பாதிக்கப்பட்டவர்களில் ஐந்தில் ஒருவர், ஒரு கண்ணிலோ இரு கண்ணிலோ அந்த நோயாலேயே பார்வை இழந்திருந்தார். பெரும்பாலோருக்குத் தமக்கு நோய் இருப்பதே அதுவரை தெரியாது. சங்கர நேத்ராலயாவின் சென்னை ஆய்வில் கிராமப்புற நோயாளிகளில் தெரியாதவர்கள் 98 விழுக்காட்டுக்கும் மேல். தைராய்டு இல்லாதவர்களின் நிலையே இது. விழிப்பிதுக்கம் வேறு சேர்ந்துகொண்டால் கேட்க வேண்டுமா?

அரவிந்த் மருத்துவமனையை 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவர் கோ. வெங்கடசாமி, எட்டயபுரத்துக்கு அருகிலுள்ள வடமலாபுரத்தில் பிறந்தவர். வேம்பார் இருக்கும் விளாத்திகுளம் வட்டத்துக்கு அது பக்கத்து ஊர்தான்.

மருந்தும் மறுபக்கமும்

தீவிர நிலையில் உள்ள தைராய்டு கண்நோய்க்கு ஸ்டீராய்டு மருந்து பல காலமாகக் கைகொடுத்து வருகிறது. அதே ஸ்டீராய்டு, சிலருடைய கண்ணில் வடிகாலை அடைத்து அழுத்தத்தை ஏற்றும். நெஞ்சுப் படபடப்புக்குத் தரும் புரோப்ரனலால் மாத்திரையோ கண் அழுத்தத்தைச் சற்றே குறைக்கும். தைராய்டு கட்டுக்குள் வந்து அந்த மாத்திரையை நிறுத்தும்போது, அதுவரை மறைந்திருந்த அழுத்தம் வெளிப்படலாம். கண் அழுத்த நோய்க்கு 1996 முதல் வந்த லட்டானோபிராஸ்ட் வகைச் சொட்டு மருந்து கண்குழிக் கொழுப்பைக் கரைப்பதால் கண்ணின் தோற்றம் மாறி, பிதுக்கத்தின் அளவைப் பற்றிக் குழப்பம் தரக்கூடும். டிமோலால் சொட்டு பழையது, விலை குறைவு. ஆனால் ஆஸ்துமா உள்ளவருக்கு ஆகாது. ஆகவே தைராய்டு மருத்துவர் என்ன தருகிறார் என்று கண் மருத்துவருக்கும், கண் மருத்துவர் என்ன தருகிறார் என்று தைராய்டு மருத்துவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வேம்பாரிலிருந்து ஒருவரைப் பார்க்கத் தூத்துக்குடிக்கும் மற்றவரைப் பார்க்க மதுரைக்கும் போகிறவரிடம், இருவருக்கும் இடையே செய்தி கொண்டுபோகும் வேலையும் சேர்ந்துவிடுகிறது.

மூன்றாவது ஒன்றையும் இங்கே பிரித்தறிய வேண்டும். வீங்கிய தசைகள் கண்குழியின் குறுகிய பின்முனையில் பார்வை நரம்பை நேரடியாக நெரிப்பது உண்டு. அப்போது பார்வைப் புலச் சோதனையில் தெரியும் குறை, கண் அழுத்த நோயின் குறையைப் போலவே இருக்கலாம். ஆனால் இதில் நிறங்கள், குறிப்பாகச் சிவப்பு, வெளிறித் தெரியும். பார்வையும் சில வாரங்களில் மங்கும். இது உடனடி மருத்துவம் வேண்டும் நிலை. ஊசி வழி ஸ்டீராய்டு, போதாவிட்டால் கண்குழி எலும்பின் ஒரு பகுதியை எடுத்து இடம் உண்டாக்கும் அறுவை என்று போவார்கள். அந்த அறுவைக்குப் பிறகு கண் அழுத்தமும் இறங்குவதைப் பலர் பதிவு செய்துள்ளனர். நெரிசலே காரணம் என்பதற்கு அது சான்று. 2020 சனவரியில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டெப்ரோடுமுமாப் என்ற ஊசி மருந்து பிதுக்கத்தையே குறைக்கிறது. அதன் விலை சாதாரணக் குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.

இப்போது அந்த ஆசிரியையிடம் வருகிறேன். முதன்முறை ஓர் இடத்தில் அவருக்கு அழுத்தம் 28 என்று அளந்து, கண் அழுத்த நோய் என்று சொல்லிச் சொட்டு மருந்து தொடங்கினார்கள். ஓராண்டு கழித்து வேறோர் இடத்தில், முகவாயை மேலே தூக்கிக் கண்ணைத் தாழ்த்தச் சொல்லி அளந்தபோது 18. பார்வை நரம்பும் நலம். சொட்டு மருந்தை நிறுத்தினார்கள். அது சரியான முடிவுதான். ஆனால் அதிலிருந்து அவர் தமக்கென்று ஒரு பாடம் எடுத்துக்கொண்டார்: தம் கண்ணில் கூடுதலாகக் காட்டுவது பொய்யான அழுத்தம்.

இரண்டு ஆண்டுகள் கழித்துக் கண்குழி வீக்கம் மீண்டும் தீவிரமானபோது ஸ்டீராய்டு மாத்திரை எழுதித் தந்தார்கள். குறைத்துக்கொண்டே வந்து நிறுத்த வேண்டிய மாத்திரையை, வீக்கம் வடிந்து முகம் பழையபடி ஆன மகிழ்ச்சியில், பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினார். அழுத்தம் பார்க்க வரச் சொன்ன நாளில் போகவில்லை. “அது சும்மா காட்டுற அழுத்தம் சார், கீழ பாத்தா சரியாயிரும்” என்று என்னிடமே சொன்னார். நானும் தலையாட்டினேன். அறிவியல் பாடம் நடத்திய எனக்கும் அன்று வேறு சொல்லத் தோன்றவில்லை. பரீட்சைத் தாள் திருத்தும்போது இடப்பக்கத்தில் வரிகள் விடுபட்டுப் போவதைக் கவனித்துத்தான் மருத்துவமனைக்குப் போனார். கண்ணைத் தாழ்த்தி அளந்தபோதும் 32. இடக்கண்ணின் நரம்பு குழிந்திருந்தது. போன பார்வை திரும்பவில்லை. மீதியைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள்.

அவர் இன்றும் ஒரு நாற்பது பக்கப் பள்ளி நோட்டை வைத்திருக்கிறார். அடிக்கோலால் கோடு போட்டு ஐந்து கட்டங்கள்: தேதி, நேர்ப்பார்வையில் அழுத்தம், தாழ்ந்த பார்வையில் அழுத்தம், அன்று உண்ணும் மருந்துகள், நரம்பைப் பற்றி மருத்துவர் சொன்னது. மதுரைக்குப் போகும்போதும் தூத்துக்குடிக்குப் போகும்போதும் அதை மேசைமேல் திறந்து வைத்துவிட்டுத்தான் உட்காருகிறார்.